பையை மறக்கும் பிள்ளையும் பை கட்டிவைத்த பெற்றோரும்

காலை ஆறரை மணி. நயினாதீவிலோ நெடுந்தீவிலோ, வேலணையிலோ புங்குடுதீவிலோ, பாடசாலைக்குப் பிள்ளை போகும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

"கணக்குக் கொப்பி எங்கை?"

"பைக்குள்ளைதான் வைச்சனான் அம்மா."

"பைக்குள்ளை இல்லையே. நேற்றும் இதைத்தானே சொன்னனீ."

கொப்பி கடைசியில் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அல்லது டியூசனில் விட்டுவந்தது பின்னேரம் தெரியவரும். இரவு பத்து மணி வரை இருந்து வீட்டுவேலையைச் செய்த பிள்ளை அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய், "செய்யாமல் வந்தவன்" என்று பெயர் எடுத்துக்கொண்டு திரும்புவதும் உண்டு. அழிறப்பரும் அடிமட்டமும் தண்ணீர்ப் போத்தலும் மாதம் ஒன்றாகக் காணாமல் போகும். தவணை முடிவில் வகுப்பாசிரியர் சொல்வது ஒரே வசனம்: "கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் பொறுப்பில்லை."

அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொருளைத் தொலைப்பதும் வீட்டுவேலையை மறப்பதும் பெரும்பாலும் பொறுப்பின்மையால் வருபவை அல்ல. பிள்ளையின் தலைக்குள் இன்னும் வளராத ஒரு திறனை, வீட்டிலும் வகுப்பிலும் உள்ள பொருள்களைக் கொண்டு நாம் தாங்கிப்பிடிக்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

தீவில் மறதியின் விலை

யாழ். நகரத்தில் ஒரு பிள்ளை கொப்பியை மறந்தால், தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். தீவகத்தில் அது எல்லோருக்கும் முடியாது. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் படகை நம்பி இருப்பவை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கிட்ட. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும். காற்றுக் காலத்தில் படகே ஓடாத நாள்களும் வரும். உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கும் பிள்ளை ஒரு கொப்பியை ஊரில் விட்டுவிட்டால், தெரிந்தவர் யாராவது படகேறும்வரை அது போய்ச்சேராது.

பாடநூல்களை 1980 முதலும் சீருடைத் துணியை 1993 முதலும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. கொப்பி, பை, கொம்பாஸ் பெட்டி எல்லாம் பெரும்பாலும் வீட்டுச் செலவு. 2022 நெருக்கடியில் கொப்பி விலை ஏறியதைக் கடற்றொழிலையும் கூலிவேலையையும் நம்பிய வீடுகள் மறந்திருக்காது. ஆகவே பெற்றோருக்குக் கோபம் வருவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தக் கோபம் முழுவதும் அழிறப்பருக்கு உரியதுதானா? 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளில் தீவக மக்கள் பெருந்தொகையாக வீடுகளை விட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. பிறகு வன்னி, பிறகு 2009. வீடு, வள்ளம், வலை, மாடு, நகை, படங்கள், சில வீடுகளில் ஆட்கள் என்று இழந்த மனிதருக்கு "தொலைஞ்சு போச்சு" என்ற சொல் சாதாரணச் சொல் அல்ல. பிள்ளை அதை ஒரு பென்சிலைப் பற்றிச் சொல்கிறது. பெரியவருக்கு அது வேறெங்கோ போய்ப் படுகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் தோமஸ் எல்பர்ட்டும் குழுவினரும் இலங்கையில் போர் பாதித்த மாகாணங்களில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2009 இல் வெளியானது. அந்தப் பிள்ளைகளில் 92 சதவீதமானோர் சண்டை, குண்டுவீச்சு, எறிகணை, நெருங்கியவரின் சாவு போன்ற கடும் அனுபவங்களுக்கு உட்பட்டிருந்தார்கள். 25 சதவீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. அவர்களுடைய பாதிப்பு நினைவாற்றல் சோதனையிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் தெரிந்தது. அன்று வகுப்பில் இருந்த அந்தத் தலைமுறையில் பலர் இன்று தாயும் தகப்பனுமாக இருக்கிறார்கள். நித்திரை குழம்பி, தன் திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடும் ஒரு தாயிடம், "பிள்ளையின் எல்லாவற்றையும் நீங்கள் நினைவில் வைத்திருங்கள்" என்று அறிவுரை சொல்வது பயனற்றது. வீட்டில் செய்யும் ஏற்பாடு தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து நினைவைச் சுமக்கவேண்டும்.

தலைக்குள் என்ன நடக்கிறது

"நாளைக்குச் சித்திரக் கொப்பி கொண்டுவா" என்று ஆசிரியர் சொல்கிறார். அதே நிமிடம் மணி அடிக்கிறது, பக்கத்துப் பிள்ளை ஏதோ கேட்கிறது, வான் வந்துவிட்டது. சொன்னதைச் சிறிது நேரம் கையில் ஏந்திவைத்திருக்கும் நினைவைச் செயல்நினைவு என்கிறார்கள். அது ஒரு சிறு தட்டு மாதிரி. புதிதாக ஒன்று வைத்தால் பழையது விளிம்பால் விழும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று திட்டமிடும் வேலையோ மூளையின் முன்பகுதிக்கு உரியது. அந்தப் பகுதி முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும். ஒரே வயதுப் பிள்ளைகளிடையே இதில் பெரிய வித்தியாசம் இருக்கும். உயரத்தில் வித்தியாசம் இருப்பதுபோலத்தான். குள்ளமான பிள்ளையை யாரும் அடிப்பதில்லை.

திட்டினால் தட்டு பெரிதாகாது. பயந்த பிள்ளைக்கு இருக்கும் நினைவிலும் பாதி பயத்துக்கே போய்விடும். பிறகு பிள்ளை பொய் சொல்லப் பழகும். "இன்றைக்கு வீட்டுவேலை இல்லை" என்பது அதில் முதலாவது பொய். அடிப்பதைப் பற்றி இங்கே நீட்டி எழுதத் தேவையில்லை. பாடசாலையில் அதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளே தடுக்கின்றன, வீட்டிலும் அது கொப்பியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை.

கதவடியில் இருந்த பை

போர்க்காலத்தில் பல வீடுகளில் ஒரு பை கதவடியில் தயாராக இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை, ஒரு மாற்றுடுப்பு, பொலித்தீனில் சுற்றிய இரண்டொரு படம். எறிகணைச் சத்தம் கேட்டவுடன் யாரும் "காணி உறுதி எங்கே?" என்று தேடியதில்லை. பையைத் தூக்கினால் எல்லாம் கூட வந்தன. அந்தப் பதற்றத்தில் யாருடைய நினைவையும் நம்பமுடியாது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் நினைவைப் பைக்குள் வைத்தோம்.

மறதியுள்ள பிள்ளைக்குத் தேவையானதும் அதே உத்திதான். ஒழுங்கு குறைந்த பிள்ளைகளுக்கான பயிற்சிகள் பற்றி மேலைநாடுகளில் எழுதப்பட்டிருப்பவற்றின் சாரமும் இதுவே: நினைவில் வைக்கச் சொல்லாதே, பொருளை, இடத்தை, நேரத்தை நினைவூட்டியாக மாற்று.

முதலில் இடம். வாசலுக்குப் பக்கத்தில், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் இரண்டு ஆணி அடியுங்கள். ஒன்றில் பை, மற்றதில் கழுத்துப்பட்டியும் குடையும். கீழே ஒரு பனையோலைக் கடகம், இல்லாவிட்டால் ஒரு அட்டைப்பெட்டி. பாடசாலையிலிருந்து வந்தவுடன் சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அதற்குள் போகட்டும். அடுக்கி வைக்கச் சொல்லாதீர்கள், போட்டால் போதும். மூடி உள்ள பெட்டி, பூட்டுள்ள அலுமாரி, மேல்தட்டு இவை வேண்டாம். திறக்கவேண்டிய எதையும் இப்படியான பிள்ளை திறக்காது. ரொறொன்ரோவிலிருந்து மாமி அனுப்பிய பன்னிரண்டு அறைகள் உள்ள பென்சில் பெட்டியையும் வேறெதற்காவது எடுத்துவையுங்கள். அறைகள் கூடக்கூடத் தொலையும் இடங்களும் கூடும். ஒரு பை, அதற்குள் ஒரு பென்சில் பை, போதும்.

கொப்பிகளுக்கு உறை போடும்போது பாடத்துக்கு ஒரு நிறம் வையுங்கள். கணிதக் கொப்பிக்கும் கணிதப் பாடநூலுக்கும் ஒரே நிறத் தாள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நிறப்பென்சிலால் தீட்டினாலும் சரி. நேரசூசியிலும் அந்தப் பாடத்தின் கட்டத்துக்கு அதே நிறம். எழுத்தை வாசித்துத் தேடுவதிலும் பார்க்க நிறத்தைப் பார்த்து எடுப்பது பிள்ளைக்குச் சுகம். படகில் போகிற பிள்ளையென்றால் கொப்பிகளை ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டுப் புத்தகப்பைக்குள் வைக்கவேண்டும். கடல்நீர் தெறித்த கொப்பி காய்ந்தாலும் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பெயரும் பாடசாலையும் வகுப்பும் எல்லாவற்றிலும் இருக்கட்டும். சின்ன ஊர்களின் ஒரு நன்மை, பெயர் இருந்தால் பொருள் வீடு தேடி வரும்.

பிறகு நேரம். பையை அடுக்குவது இரவு வேலை. காலை வேலை அல்ல. சாப்பிட்ட பின், கைத்தொலைபேசிக்கு முன். தாய் அல்லது அம்மம்மா நேரசூசியை வாசிக்க, பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பைக்குள் வைக்கட்டும். வாசிப்பது பெரியவர், வைப்பது பிள்ளை; இந்தப் பங்கை மாற்றவேண்டாம். அவசரத்தில் தாயே அடுக்கிக்கொடுத்தால் பை ஒழுங்காக இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் வராது. வீட்டுவேலை முடிந்தது என்பதன் பொருளையும் மாற்றிச் சொல்லிக்கொடுங்கள். கடைசிக் கணக்கை எழுதியதோடு அது முடியவில்லை. கொப்பி பைக்குள் போய் சிப் இழுபட்ட பிறகுதான் முடிந்தது.

தொலைவது இடம் மாறும்போது

ஒரு கிழமைக்கு, எது எங்கே தொலைந்தது என்று எழுதிப் பாருங்கள். வகுப்பில் அமர்ந்திருக்கும்போது பொருள் தொலைவது குறைவு. விளையாட்டு மைதானத்துக்குப் போகும்போது, பாடசாலையிலிருந்து டியூசனுக்குப் போகும்போது, வானிலிருந்து இறங்கும்போது, குறிகட்டுவானில் பஸ்ஸிலிருந்து படகுக்கு ஓடும்போதுதான் தொலைகிறது.

அதற்கு ஒரு எளிய வழி எண்ணிக்கை. "பை இருக்கா, போத்தல் இருக்கா, பெட்டி இருக்கா" என்று பெயர்களை நினைவில் வைப்பது கடினம். "நான்கு" என்ற எண்ணை வைத்திருப்பது சுலபம். வீட்டிலிருந்து நான்கு பொருளோடு போனால், எழும்பும் ஒவ்வொரு இடத்திலும் தொட்டு எண்ணவேண்டும். மூன்றுதான் வந்தால் இறங்காதே, திரும்பிப் பார். சிறு பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே பிடித்துப்போகும். மீன்பெட்டி எண்ணுகிற தகப்பனுக்கு இதைப் பழக்கிவிட எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு உத்தியை உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் நீண்ட காலமாக ஆராய்ந்திருக்கிறார். "கவனமாக இரு" என்ற பொதுவான முடிவு பலன் தருவது குறைவு. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று சூழலோடு கட்டிய முடிவு கூடுதலாகப் பலிக்கிறது. "கடைசி மணி அடித்தால் மேசைக்குக் கீழே பார்ப்பேன்." "படகு துறையில் முட்டினால் எண்ணுவேன்." இப்படி இரண்டு வசனம் போதும். பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டும். ஐந்தாறு கொடுத்தால் அதுவும் தட்டிலிருந்து விழும்.

ஒரு சின்னக் கொப்பி

பொருளைவிட வீட்டுவேலையைக் கண்காணிப்பது சிரமம். அதற்குக் கைக்குள் அடங்கும் ஒரே கொப்பி வேண்டும். பாடக்கொப்பியின் கடைசிப் பக்கத்தில், உள்ளங்கையில், துண்டுக் கடதாசியில் எழுதுவதை நிறுத்தி, எல்லாம் இதில். திகதி, பாடம், செய்யவேண்டியது, கொடுக்கவேண்டிய நாள். வேலை இல்லாத பாடத்துக்கும் "இல்லை" என்று எழுதவேண்டும். வெறும் இடம் இருந்தால், வேலை இல்லையா எழுத மறந்ததா என்று யாருக்கும் தெரியாது.

இங்கே ஆசிரியரின் உதவி தேவை. தீவகப் பாடசாலைகள் பலவற்றில் வகுப்புகள் சிறியவை. இடம்பெயர்வு தந்த துயரமான விளைவு அது. ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் பயன்படும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முடியாததை, பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் செய்யலாம். வீட்டுவேலையைப் பலகையின் ஒரே மூலையில், பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுதிவிடுவது. மறதியுள்ள பிள்ளையின் சின்னக் கொப்பியில் ஒரு சிறு கையொப்பம் இடுவது. கடைசி மணியோடு படகுக்கு ஓடவேண்டிய ஆசிரியரின் நிலையும் புரிகிறது. அதனால்தான் ஐந்து நிமிடம் முன்பு. பெற்றோர் ஆசிரியரிடம் இதைக் கேட்கும்போது முறைப்பாடாகக் கேட்காமல், "ரீச்சர், ஒரு மாதம் மட்டும் பார்த்துத் தாங்கோ" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. வகுப்பில் ஒரு பழைய அடிமட்டமும் பென்சிலும் மேலதிகமாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. "தொலைத்தாய்தானே, இல்லாமல் இரு" என்று பாடம் கற்பிக்கப் போனால் அந்த நாள் கேத்திரகணிதப் பாடம்தான் தொலையும்.

ஒப்படைகள் வேறு பிரச்சினை. இரண்டு கிழமையில் கொடுக்கவேண்டியது என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு அது "இப்போது இல்லை" என்ற ஒரே கூட்டுக்குள் போய்விடும். பதின்மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு அட்டை வேண்டும், பசை வேண்டும் என்று வரும். நெடுந்தீவில் அந்த நேரத்தில் அட்டைக்கு எங்கே போவது? சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் கொடுக்கும் நாளை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள். முதல்நாள் ஒட்டுவது, அதற்கு முதல் கிழமை எழுதுவது, யாழ்ப்பாணம் போகிறவரிடம் பொருள் சொல்லிவிடுவது எந்த நாள்.

ஞாயிற்றுக்கிழமை கால்மணி நேரம் பையைத் தலைகீழாகக் கொட்டவேண்டும். கசங்கிய தாள், பழைய வினாத்தாள், தொலைந்ததாக நினைத்த இரண்டு பேனை, சில வேளை ஒரு வாரப் பழைய பாண் துண்டும் வரும். சிரித்துக்கொண்டே செய்யவேண்டிய வேலை இது.

எவ்வளவு காலம்?

அமெரிக்காவில் ஹவார்ட் அபிக்கொஃப் குழுவினர் அவதானக் குறைபாடுள்ள, மூன்றாம் முதல் ஐந்தாம் வகுப்பு வரையான 158 பிள்ளைகளோடு செய்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. ஒரு குழுவில் பிள்ளைகளுக்கே ஒழுங்குபடுத்தும் திறன்களைப் பழக்கினார்கள். இன்னொரு குழுவில் பெற்றோரும் ஆசிரியரும், பொருளும் வேலையும் ஒழுங்காக வந்துசேரும்போது பாராட்டவும் சிறு பரிசு கொடுக்கவும் பழகினார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட, இரண்டு குழுக்களுமே முன்னேறின. அறிவுரை மட்டும் கொடுத்த குழு என்று ஒன்று அங்கே இல்லை. எங்கள் ஊரில்தான் அது நிறைய இருக்கிறது.

பரிசு என்றால் காசு வேண்டியதில்லை. நான்கு பொருளும் வந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு புள்ளி, ஐந்து புள்ளிக்கு ஞாயிறு மாலை கடற்கரை. பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்றைக்குப் போத்தலைத் திரும்பிப் போய் எடுத்தனீ, கண்டனான்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கவேண்டாம். முதல் இரண்டு கிழமை ஆணியும் இரவுப் பையும் மட்டும். அது பழகிய பிறகு சின்னக் கொப்பி. உதவியைக் குறைப்பதும் மெல்ல மெல்ல: முதலில் கூட இருந்து வாசிப்பது, பிறகு அறைக்கு வெளியிலிருந்து கேட்பது, பிறகு கிழமையில் இரண்டு நாள் பார்ப்பது.

வேறு காரணம் இருக்கலாம்

இந்த மறதி எப்போது தொடங்கியது என்ற கேள்வி முக்கியமானது. நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று எல்லாவற்றையும் தொலைக்கத் தொடங்கினால், கொப்பியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். வீட்டில் குடி, சண்டை, ஒரு மரணம், தகப்பன் வெளிநாடு போனது, பாடசாலையில் யாரோ துன்புறுத்துவது, சொல்லமுடியாத வேறொன்று. பலகை தெரியாத பிள்ளையும் வீட்டுவேலையை எழுதிக்கொண்டு வராது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணும் காதும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். நித்திரை போதாத பிள்ளைக்கும், தாய் இல்லாத வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கும் பிள்ளைக்கும் தட்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்றால், ஏ.டி.எச்.டி. எனப்படும் அவதானக் குறைபாட்டு மிகைச் செயற்பாட்டுக் கோளாறாகவும் இருக்கலாம். மருத்துவர்கள் இதைத் தீர்மானிக்கச் சில அளவுகோல்கள் உண்டு: பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்கவேண்டும், வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியவேண்டும், வாழ்க்கையைப் பாதிக்கவேண்டும். துள்ளித்திரியும் பையனை எல்லோரும் கவனிப்பார்கள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பெண்பிள்ளையிடமும் இது இருக்கலாம். அவள் யாருக்கும் தொந்தரவு தராததால் கண்ணில் படமாட்டாள். போரின் மனவடுவும் வெளியே பார்க்க இதைப்போலவே தெரியும் என்பதால், பெயர் வைக்கும் வேலையை அயலவரிடமோ இணையத்திடமோ விடாமல் வைத்தியரிடம் விடுவது நல்லது. அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் சொன்னால் யாழ். போதனா வைத்தியசாலையின் உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். போகும்போது அந்தச் சின்னக் கொப்பியையும், எது எங்கே தொலைந்தது என்று எழுதிய பட்டியலையும் கொண்டுபோங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் வைத்தியருக்கு அவை நிறையச் சொல்லும்.

தவணை விடுமுறை முடிந்து வரும் முதல் கிழமை, பழகியதெல்லாம் குலைந்திருக்கும். கடகம் வெறுமையாக, சப்பாத்து மூன்று இடத்தில் கிடக்கும். பாடசாலை தொடங்க இரண்டு நாள் முன்பாகவே இரவுப் பையை மீண்டும் தொடங்குங்கள், நேரசூசியை முதல் நாள் போலவே மெதுவாக வாசித்து.